முழு நஷ்டம் என்று தீர்ப்பளிப்பது யார்?

சென்னை நகரத்தில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு இரண்டாவது வெள்ளம் ஒன்று வருவது வழக்கமாகிவிட்டது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு கரை புரண்டு, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்ததை ஜனங்கள் மறக்கவில்லை. மனிதர்கள் மாடிக்கு ஏறிப் பிழைத்தார்கள். மோட்டார் வண்டிகளுக்கு ஏற மாடி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களிலே கார்கள் ஜலத்தில் மிதந்ததையும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்கள் பட்ட பாட்டையும் நாம் எல்லோரும் கண்டோம். முதல் வெள்ளம் சேற்றை விட்டுப் போகிறது. இரண்டாவது வெள்ளம் காகித ரூபமாக வந்து, கையெழுத்துக் கேட்டு நிற்கிறது. "உங்கள் வண்டி டோட்டல் லாஸ், இன்ன தொகை தருகிறோம், இங்கே கையெழுத்திடுங்கள்" என்பது அந்தக் காகிதத்தின் சாரம்.

இதைக் கண்டதும் வண்டிக்குரியவர் என்ன செய்கிறார்? கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்துத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருகிறார். கம்பெனியார் பெரியவர்கள், சட்டம் அறிந்தவர்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேனாவை எடுக்கிறார். நாம் இன்று வற்புறுத்த விரும்புவது ஒரே விஷயம். 'டோட்டல் லாஸ்' என்று கம்பெனி எழுதுவது, ஒப்பந்தத்தில் ஒரு கட்சிக்காரர் தமது கணக்கைச் சொல்வதாகும். கணக்கு என்றால் அதைச் சரிபார்க்கும் உரிமை மறு கட்சிக்காரருக்கு உண்டு. அந்த உரிமையை உபயோகிக்காதவன், வண்டியோடு வேறொன்றையும் இழக்கிறான்.

இது பணக்காரர்களின் விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று கடன் வாங்கி ஒரு காரை வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டி, தவணையும் கட்டிக் குடும்பத்தையும் காப்பாற்றுகிறவர்கள் நமது நகரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுக்கு வண்டி அலங்காரப் பொருளன்று. உழவனுக்கு மாடு எப்படியோ அப்படி. மாட்டுக்கு என்ன விலை என்பதை, அதைக் கொள்கிறவனே தனியாக நிர்ணயிப்பதை எந்த உழவனாவது ஒப்புவானா?

வார்த்தையின் பூர்வோத்தரம்

இந்த 'முழு நஷ்டம்' என்னும் வார்த்தை கடலிலிருந்து கரைக்கு வந்தது. கப்பல் இன்ஷியூரன்ஸில் இருவகை முழு நஷ்டம் உண்டு. கப்பல் அடியோடு மூழ்கிப் போனால் அது உண்மையான முழு நஷ்டம். கப்பல் இருக்கிறது, ஆனால் அதை மீட்டுப் பழுது பார்க்க ஆகும் செலவு, பழுது பார்த்த பிறகு அதற்குள்ள விலையைவிட அதிகமாகிவிடும் என்றால், அதையும் முழு நஷ்டமாகப் பாவித்துக் கொள்ளலாம். 1906-ஆம் வருஷத்து இங்கிலீஷ் கப்பல் இன்ஷியூரன்ஸ் சட்டத்தில் இந்தப் பாவனை முழு நஷ்டத்துக்கு ஒரு பிரிவு இருக்கிறது. 1963-ஆம் வருஷத்து நமது இந்தியச் சட்டத்திலும் அதே பிரிவு உண்டு. கப்பல் சொந்தக்காரர், நடுக்கடலில் கிடக்கும் ஓட்டையை வைத்துக்கொண்டு திண்டாடாதபடி, அதைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு முழுப் பணத்தையும் பெறுவதற்காக அவருக்கு ஏற்பட்ட உரிமை அது.

மோட்டார் இன்ஷியூரன்ஸில் இந்தப் பாவனை எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்போம். மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்காகச் செய்யும் இன்ஷியூரன்ஸ், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். சொந்த வண்டியின் சேதத்துக்காகச் செய்வது நமது இஷ்டம். நாம் பேசுவது பின்னதைப் பற்றி. 2002-ஆம் வருஷத்து இந்திய மோட்டார் கட்டண விதிகள் இதற்கு ஓர் அமைப்பை ஏற்படுத்தின. 2007 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரீமியக் கட்டணத்தை அவரவர் நிர்ணயித்துக் கொள்ளலாம் என்று விடப்பட்டது. ஆனால் பாலிஸிப் பத்திரத்தின் மூல ஷரத்துகள் மாறாமல் தொடர்ந்தன. ஆகையால் சர்க்கார் கம்பெனியானாலும் தனியார் கம்பெனியானாலும், நாம் கீழே சொல்லும் ஷரத்துகள் அநேகமாக எல்லாப் பத்திரங்களிலும் ஒரே வாசகத்தில் இருப்பதைக் காணலாம்.

மூன்று ஷரத்துகள்

முதலாவது, ஐ.டி.வி. என்று வழங்கும் அறிவித்த மதிப்பு. வண்டியை உற்பத்தி செய்தவர் அந்த ரகத்துக்குக் குறித்துள்ள விற்பனை விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து இது கணக்கிடப்படுகிறது. வண்டிக்கு ஆறு மாதம் ஆகும்வரை 5 சதவீதம். ஒரு வருஷம் வரை 15. இரண்டு வருஷம் வரை 20. மூன்று வரை 30. நான்கு வரை 40. ஐந்து வரை 50. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பாரும் பேசி ஒப்புக்கொண்ட தொகை. பத்திரம் எழுதும் நாளில் குறிக்கப்படும் இந்தத் தொகையை வைத்துத்தான் கம்பெனி நம்மிடம் பிரீமியம் வசூலிக்கிறது.

இரண்டாவது, 75 சதவீத ஷரத்து. வண்டியை மீட்கவும் பழுது பார்க்கவும் ஆகும் மொத்தச் செலவு, பாலிஸியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது பாவனை முழு நஷ்டமாகக் கொள்ளப்படும். தாண்டாவிட்டால் இல்லை. ஆகவே 'டோட்டல் லாஸ்' என்பது ஓர் அதிகாரியின் அபிப்பிராயமன்று; ஒரு வகுத்தல் கணக்கின் விடை.

மூன்றாவது ஷரத்தைத்தான் ஜனங்கள் கவனிப்பதேயில்லை. முழு நஷ்டம் ஏற்பட்டால், பத்திரத்தில் குறித்த ஐ.டி.வி.யே பாலிஸிக் காலம் முழுவதும் மார்க்கெட் விலையாகப் பாவிக்கப்படும். மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்பட மாட்டாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாலிஸி எடுத்துப் பத்து மாதமாகிவிட்டது, இப்போது சந்தையில் இந்த வண்டி இவ்வளவுதான் போகும், ஆகையால் இவ்வளவுதான் தருவோம் என்று யாராவது சொன்னால், அவர் தமது கம்பெனியின் பத்திரத்தையே படிக்கவில்லை என்று பொருள்.

2008-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றத்தின் முன் இத்தகைய வழக்கொன்று வந்தது. பாலிஸியைப் புதுப்பிக்கும்போது வண்டியின் மதிப்பைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு பிரீமியம் வாங்கியிருந்தது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் அதற்கு மிகவும் குறைந்த மதிப்பைச் சொன்னார். கம்பெனி அதைப் பற்றிக்கொண்டது. ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு பணம் வாங்கிய கம்பெனி, பணம் கொடுக்கும் சமயத்தில் அதே மதிப்பை மறுப்பது நியாயமன்று என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது வேறு படி என்று அளக்கும் கடைக்காரனை நமது ஊர்ச் சந்தையில் என்ன சொல்வார்களோ, அதையே அவர்கள் சட்ட பாஷையில் சொன்னார்கள்.

இரு பக்கத்து நியாயமும்

நிற்க. கம்பெனிகள் செய்வதெல்லாம் அநியாயம் என்று நாம் கட்சி பேசவில்லை. வண்டியைப் பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணமாகக் கொடுப்பதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பத்திரம் கம்பெனிக்கே கொடுத்திருக்கிறது. எனக்குப் பிடித்த வண்டி, எவ்வளவு செலவானாலும் ரிப்பேர் செய்து கொடுத்தே தீரவேண்டும் என்று சொந்தக்காரர் பிடிவாதம் பிடிப்பதற்கு அதில் இடமில்லை. கூரை வரை சேற்று நீர் ஏறிய வண்டியில் வயரிங்கும், மின்கணக்குப் பெட்டிகளும், காற்றுப்பைகளும் கெட்டபின், அதை எப்படித் துடைத்தாலும் பழைய நிலைக்கு வராது. அத்தகைய வண்டியை முழு நஷ்டமாகக் கொண்டு முழுத் தொகையும் பெறுவது சொந்தக்காரருக்கே நன்மை. சில சமயங்களில் கம்பெனி இதற்கு நேர்மாறாக, முழு நஷ்டமாக்க வேண்டிய வண்டியை ரிப்பேர் கணக்கில் இழுத்து, பாகங்களுக்குத் தேய்மானம் கழித்து, குறைந்த தொகையோடு முடிக்கப் பார்ப்பதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கணக்கைக் கேட்பது.

கம்பெனி ஏன் சில வண்டிகளை முழு நஷ்டமாக்க விரைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரிப்பேர் தொடங்கினால் உள்ளே இருக்கும் சேதம் ஒவ்வொன்றாக வெளிவரும். செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. முழு நஷ்டமென்றால் விவகாரம் ஒரே தொகையில் முடிந்துவிடும். சேத வண்டியை ஏலத்தில் எடுக்கும் வியாபாரிகளும் காத்திருக்கிறார்கள். இதில் குற்றமொன்றுமில்லை, அது அவர்கள் லாபநஷ்டம். நமது லாபநஷ்டத்தை நாம் பார்க்கவேண்டும்.

உதாரணக் கணக்கு

ஓர் உதாரணம் சொல்வோம். புதிதாக 8,00,000 ரூபாய் விலையுள்ள ரகம். வண்டிக்கு மூன்றரை வயது. தேய்மானம் 40 சதவீதம் போக ஐ.டி.வி. 4,80,000 ரூபாய். அதில் 75 சதவீதம் 3,60,000. பட்டறைக்காரர் 4,10,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுக்கிறார். எல்லையைத் தாண்டிவிட்டது, டோட்டல் லாஸ் என்கிறது கம்பெனி.

இங்கே முதற்கேள்வி கேட்க வேண்டும். பட்டறைக்காரரின் எஸ்டிமேட் வேறு. சர்வேயர் ஒப்புக்கொண்ட செலவு வேறு. தட்டி நேராக்கக்கூடிய கதவுக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறதா? உலர்த்திச் சரிசெய்யக்கூடிய சீட்டுக்குப் புதுச் சீட்டு எழுதியிருக்கிறதா? செலவு பாலிஸியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று ஷரத்து சொல்லும்போது, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும், உலோக பாகங்களுக்கு வயதுக்குத் தக்கபடியும் கழியும் தேய்மானத்தை இந்தக் கணக்கில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? வரி வரியாக எழுத்து மூலம் கேட்க வேண்டும். வண்டியை மீட்டுக்கொள்ள விரும்புகிறவர், நம்பிக்கையான வேறொரு பட்டறையில் இரண்டாவது எஸ்டிமேட் வாங்கி, அதைச் சர்வேயரிடமும் கம்பெனியிடமும் சேர்க்க வேண்டும். அது 3,40,000 என்று வந்தால் கணக்கின் விடையே மாறிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி சேத வண்டியைப் பற்றியது. முழு நஷ்டத்தில் கம்பெனியின் பொறுப்பு, ஐ.டி.வி.யிலிருந்து சேத வண்டியின் விலையைக் கழித்த தொகை என்று பத்திரம் சொல்லுகிறது. மேற்படி உதாரணத்தில் சேத வண்டியின் விலை 1,70,000 என்று கம்பெனி சொல்லுகிறது. அதைக் கழித்து, கட்டாயக் கழிவாகிய 1,000 ரூபாயையும் பிடித்து, 3,09,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. சொந்தக்காரர் அதை விற்கப் போனால், வியாபாரி 1,20,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்கிறான். ஆக மொத்தம் 4,29,000 கிடைக்கிறது. வரவேண்டியது 4,79,000. நடுவிலே 50,000 ரூபாய் எங்கே போயிற்று? அது வெள்ளத்தில் போகவில்லை; காகிதத்தில் போயிற்று.

இதற்குப் பதில் மிகவும் எளிது. "சேத வண்டி 1,70,000 பெறும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நல்லது. அந்த விலைக்கு வாங்குகிறவரை நீங்களே அழைத்து வாருங்கள். அவர் 1,70,000 கொடுக்கட்டும். நீங்கள் பாக்கியைக் கொடுங்கள். அல்லது வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுங்கள்" என்று எழுத வேண்டும். தாம் சொன்ன விலையில் தாமே வாங்கமாட்டேன் என்பவர், அந்த விலையை நம் தலையில் கட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

சர்வேயரின் ஸ்தானம்

சர்வேயர் என்பவர் 1938-ஆம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டத்தின்படி லைசென்ஸ் பெற்றவர். பக்ஷபாதமின்றி நஷ்டத்தைக் கணிப்பது அவர் கடமை. ஆனால் அவரை நியமித்து, அவருக்குக் கூலி கொடுப்பவர் கம்பெனியார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் அறிக்கையைப் படிக்க வேண்டும். அறிக்கையின் பிரதியை எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வேயரின் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல, அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பாலிஸிதாரரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ஆம் வருஷத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தக்க ஆதாரம் காட்டினால் அதை மறுக்கலாம். ஆதாரமென்பது கோபமன்று, இரண்டாவது எஸ்டிமேட், வண்டியின் போட்டோக்கள், முன்னர் செய்த சர்வீஸ் பில்கள், ஜலம் எந்த மட்டம் வரை ஏறியது என்பதற்கான அடையாளம், இவைதான் ஆதாரம்.

ஆர்.சி. புத்தகமே பெரிய ஆபத்து

பணம் கைக்கு வந்தவுடன் விவகாரம் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன்பின்தான் பெரிய ஆபத்து தொடங்குகிறது. சேத வண்டி யாரோ ஒரு வியாபாரியின் கைக்குப் போகிறது. ஆனால் பதிவில் பழைய சொந்தக்காரரின் பெயரே இருக்கிறது. அதே ரகத்து வண்டி ஒன்றைத் திருடி, சேத வண்டியின் சேஸிஸ் எண்ணையும் நம்பர் பலகையையும் அதில் பொருத்தி, நல்ல ஆர்.சி. புத்தகத்தோடு விற்றுவிடும் தந்திரத்தை வட இந்தியப் போலீசார் பல முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படி ஓடும் வண்டி யாரையாவது மோதினால், கேஸ் யார் வீட்டு வாசலுக்கு வரும்? பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஆகையால் வண்டி மறுபடி ஓடத் தகுதியற்றதானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்துகொள்ள வேண்டும். ரிப்பேர் செய்து ஓட்டுவதற்காக வேறொருவர் வாங்கினால், பெயர் மாற்றம் நடந்தேற வேண்டும். நடந்ததற்கு அத்தாட்சி கைக்கு வர வேண்டும். வெற்றுப் பாரங்களில் கையெழுத்திட்டுக் கொடுப்பது, தன் பெயரைத் தெருவில் எறிவதாகும். சேத வண்டியைத் தாமே வைத்துக்கொண்டு ரிப்பேர் செய்கிறவர், முழு நஷ்டம் கொடுத்ததோடு பழைய பாலிஸி தீர்ந்துவிடும் என்பதை அறிந்து, புது இன்ஷியூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கலாகாது. வண்டியின்மீது கடன் இருந்தால், கம்பெனி கொடுக்கும் தொகை முதலில் கடன் கொடுத்த பாங்கிக்குப் போகும் என்பதையும் மறக்கக்கூடாது. தொகை போதாவிட்டால் மிச்சக் கடன், வண்டியில்லாத சொந்தக்காரர் தலையில் நிற்கும்.

எங்கே முறையிடுவது?

கணக்கு ஒத்துவராவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ஒரு வருஷத்துக்குள் இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டாருக்கு அவர் ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதே விஷயம் கோர்ட்டிலோ நுகர்வோர் கமிஷனிலோ நடந்துகொண்டிருந்தால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகையால் வரிசை முக்கியம்.

நுகர்வோர் கமிஷனுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு 2019-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு நல்ல வசதி செய்திருக்கிறது. கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். கெடு இரண்டு வருஷம். தம் கையால் ஓட்டிப் பிழைப்பதற்காக வண்டி வைத்திருப்பவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. வியாபாரி என்று தள்ளிவிட முடியாது.

'முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்' என்ற பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு வாய் திறக்க உரிமையில்லை என்று சொல்வது பழைய யுக்தி. வஞ்சனையாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கிய பற்றுச்சீட்டு உரிமையைப் பறிக்காது என்று 1999-ஆம் வருஷத்திலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இத்தகைய சீட்டைக் காட்டி ஜனங்களின் உரிமையைத் தடுக்கலாகாது என்று ஒழுங்குமுறை ஆணையமும் 2015-இல் கம்பெனிகளுக்குத் தாக்கீது அனுப்பியது. ஆயினும் நிர்ப்பந்தத்தை ருஜுப்படுத்தும் பாரம் நம்முடையது. ஆகையால் ஆட்சேபமுள்ளவர், 'ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று அப்போதே கடிதம் எழுதிப் பிரதி வைத்துக்கொள்வது நலம்.

நம்மவர் செய்யும் தவறுகள்

கம்பெனியைக் குறை கூறும் நாம், நம்மவர் தவறையும் மறைக்கக்கூடாது. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்கள் அநேகர். கம்பெனிகளும் ஓர் எல்லைக்குள் அதற்கு இடம் கொடுக்கின்றன. 4,80,000 போட வேண்டிய இடத்தில் 3,60,000 போட்டால், 75 சதவீத எல்லை 2,70,000-க்கு இறங்கிவிடுகிறது. 2,80,000 ரூபாயில் ரிப்பேர் ஆகக்கூடிய நல்ல வண்டி, அந்த நிமிஷமே 'டோட்டல் லாஸ்' ஆகிறது. கிடைப்பதும் குறைந்த தொகையே. வெள்ளத்தில் நடக்கும் சண்டையில் ஜயமும் தோல்வியும், வெயில் காலத்தில் பாலிஸி எழுதும் நாளிலேயே பாதி நிச்சயமாகிவிடுகின்றன.

ஜலத்தில் நின்ற வண்டியை, ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் செய்வது மற்றொரு பெரும் பிழை. என்ஜினுக்குள் ஜலம் புகுந்து அது உடைந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதமன்று, உன் செய்கையால் வந்தது என்று கம்பெனி வாதிக்க இடமாகிறது. என்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிராதவர், அந்தச் செலவைத் தாமே ஏற்க நேரும். சாவியைத் தொடாமல் வண்டியை இழுத்துச் செல்வதே அறிவு.

செய்ய வேண்டியது

தனி மனிதன் ஒருவன் கம்பெனியின் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது அவன் சிறியவன். கம்பெனியின் பக்கத்திலே சர்வேயர் உண்டு, வக்கீல் உண்டு, கணக்கர் உண்டு. அவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிட்ட, அவன் ஒருபோதும் படித்திராத ஒரு பத்திரம். இந்த ஏற்றத்தாழ்வை நீக்குவது பொது வேலை செய்கிறவர்களின் கடமையல்லவா? வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் கொண்டு ஓடுகிற வாலிபர்கள் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம். அவர்களில் இருவர், சோற்றுப் பொட்டலத்தோடு சேர்த்து, பத்திரத்தைப் படித்துச் சொல்லும் வேலையையும் ஏற்கக் கூடாதா? டிரைவர் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கமிட்டி ஏற்படுத்தி, உறுப்பினர்களின் ஐ.டி.வி.யை வருஷந்தோறும் பார்த்துச் சரிசெய்வது பெரிய காரியமா? மூன்று ஷரத்துகளையும், ஐந்து கேள்விகளையும், ஆம்புட்ஸ்மன் விலாசத்தையும் ஒரு துண்டுப் பிரசுரமாகத் தமிழில் அச்சிட்டால், அதற்கு ஆகும் செலவு ஒரு பொதுக்கூட்டத்துப் பந்தல் செலவுக்குக் காணாது.

ஐந்து கேள்விகள் எவை என்பதை மறுபடி தொகுத்துச் சொல்லி முடிக்கிறோம். 75 சதவீதக் கணக்கை வரி வரியாகக் காட்டினீர்களா? சர்வே அறிக்கையின் பிரதி எங்கே? சேத வண்டிக்கு நீங்கள் சொன்ன விலையில் வாங்குகிறவர் யார்? ஐ.டி.வி.யிலிருந்து கழித்த ஒவ்வொரு ரூபாயும் எந்த ஷரத்தின்படி? பதிவிலிருந்து என் பெயர் நீங்கும் நாள் எது? இந்த ஐந்துக்கும் எழுத்து மூலம் பதில் வரும்வரை பேனாவை மூடி வைத்திருப்பவனை எந்தக் கம்பெனியும் எளிதில் ஏமாற்ற முடியாது. பதில் நேர்மையாக வந்துவிட்டால், கையெழுத்திட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, மனஸ்தாபமின்றி வண்டியை மறந்துவிடலாம்.

பிரீமியம் கட்டுகிறவன் பிச்சை கேட்கிறவனல்லன். விலை கொடுத்து வாங்கிய வாக்குறுதியை நிறைவேற்றச் சொல்கிறவன். இந்த எண்ணம் நமது ஜனங்களின் மனத்தில் ஊன்றுமாயின், அடுத்த மழைக்காலத்தில் வெள்ளம் வடியும்போது அவர்கள் உரிமையும் அதோடு வடிந்து போகாது.